உழாமல் விட்ட சணல்

அன்பு மகனுக்கு, உனக்கும் மருமகளுக்கும் வாப்பாவின் சலாம். கலியாணம் முடித்துப் போன பிள்ளைக்கு எழுதும் கடிதத்தை உபதேசத்தோடு தொடங்குவதுதான் முறை என்று உன் உம்மா சொல்கிறாள். ஆனால் உபதேசம் சொல்லுகிறவனின் புத்தி எவ்வளவு என்பதை நீ முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நம் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒரு உரப்பை நிறையச் சணல் நூல் பந்துகள் கிடந்தனவே, “எதுக்கு வாப்பா இவ்வளவு நூல்?” என்று நீ கேட்டபோது, “கலியாணப் பந்தலுக்கு மனே” என்றேனே, அது பொய். நான் அன்றைக்குத் திருகோணமலை டவுனுக்குப் போனது சணல் விதை வாங்க. கடைக்காரரிடம் “வயலுக்குக் காணுமான சணல் தாங்க” என்றேன். “மெல்லிசா, மொத்தமா?” என்று கேட்டார். விதையிலே மெல்லிசு மொத்தம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. தெரியாததைக் காட்டிக்கொள்ளவும் பிடிக்கவில்லை. “மொத்தம்தான் நல்லது” என்று, பரம்பரைக் கமக்காரன் மாதிரிச் சொல்லிவிட்டேன். அவரும் பையைக் கட்டித் தந்தார். பஸ்ஸில் மடியில் வைத்தபோதுதான் விதைக்கு இது பாரம் குறைவாக இருக்கிறதே என்று வாயைத் திறந்து பார்த்தேன். அத்தனையும் நூல்.

நீ சிரிப்பாய். சிரி. ஆனால் இதையும் சேர்த்துச் சிரி: வாழ்நாளில் பாதியை அந்தக் கடை இருக்கிற அதே துறைமுக வீதியில் ஒரு போட் சாமான் கடையில், கயிறும் வலையும் நூலும் விற்றே கழித்தவன் நான். ஆட்கள் வந்து “சணல்” என்று கேட்டால் கை தானாக நூல் பந்துக்குத்தான் போகும். அப்படிப்பட்டவன் கடையின் மறுபக்கத்தில் நின்றவுடன் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டு என்று நம்பிவிட்டான். திருப்பிக் கொடுக்கவும் ஏலாது. கடைக்காரர் என்னைத் தெரிந்தவர். அடுத்த நாள் மீன் மார்க்கெட் முழுக்க அந்தக் கதைதான் ஓடும். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் உம்மா பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், “இதை விதைச்சாக் கயிறாவே முளைக்கும். நார் உரிக்கிற வேலை மிச்சம்தானே” என்றாள். அதற்குப் பிறகுதான் “நேரமில்லை மனே, நீயே விதையை வாங்கி வா” என்று உன்னை அனுப்பினேன்.

சணல் விதைக்கும் யோசனை உன்னுடையது. உன்னுடையதுகூட இல்லை, உனக்குப் பெண் தந்த தோப்பூர் மாமாவுடையது. அதுதான் எனக்குத் தொண்டையில் நின்றது. பேச்சுவார்த்தை முடிந்து மோதிரம் போட்ட நாளிலிருந்து உன் வாயில் அந்தச் சொல் ஏறிவிட்டது. மாமாட வயல்ல சணல் போடுறாங்க. மாமா சொன்னார், சிறுபோகம் வெட்டின கையோட விதைச்சா மாரிப் போகத்துக்கு முன்ன பூத்திடுமாம். மாமா உரத்துக்குப் பாதிதான் செலவழிக்கிறாராம். உன் உம்மாவுக்குச் சீதனமாக வந்த தம்பலகாமத்து வயலில் நான் இத்தனை வருடம் யூரியா பையைத் தோளில் சுமந்து திரிந்தபோது, தோப்பூரில் ஒருத்தர் ஒரு செடியை விதைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். “சரி, உன்ட மாமாட செடியையும் போட்டுப் பாப்பம்” என்றேன். அந்தக் குரலில் இருந்ததை நீ கவனித்தாயோ தெரியாது. உம்மா கவனித்தாள். குசினிக்குள் போய்ச் சிரித்தாள்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போவான். வேறு ஊர்க்காரர் ஆச்சரியப்படுவார்கள். நாங்கள் அதற்கு ஆச்சரியப்பட யோசித்ததே இல்லை. நானும் அப்படித்தான் மூதூரிலிருந்து கிண்ணியாவுக்கு வந்தவன். அன்றைக்குப் பாலம் கிடையாது. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றுவாயைக் கடக்கும் பெரிய மிதவை இருந்தது. அதற்குப் ‘பாதை’ என்று பெயர். தண்ணீருக்கு மேலே நகருகிற பாதை. கலியாணத்துக்கு மறுநாள் நான் மூதூருக்குப் போய், ஒரு சூட்கேசோடு தனியாகத் திரும்பி வந்தபோது அதில்தான் நின்றேன். அது புறப்பட்டதா நிற்கிறதா என்று தெரியவில்லை. கரைதான் மெல்ல மெல்ல நழுவிக்கொண்டு போனது. யாரும் யாரையும் விட்டுப் போவதாகவே தோன்றவில்லை. ஊர் தானாக விலகி, வேறு ஊர் தானாகக் கிட்ட வந்தது. இப்போதும் கண்ணை மூடினால் அந்த அசைவு என் காலுக்குள் இருக்கிறது. நீ போனது மோட்டார் சைக்கிளில், பாலத்துக்கு மேலால், ஒரு மணித்தியாலத்துக்குள். உனக்கு அந்த அசைவு கிடைக்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

மாமியார் வீட்டில் நான் செய்த முதல் காரியம் ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்தது. புது மாப்பிள்ளைக்கு மரியாதை என்று அவர் சீனியை அள்ளிப் போட்டிருந்தார். எனக்குச் சீனி குறைவாகத்தான் பிடிக்கும். ஆனால் முதல் நாளே எப்படிச் சொல்வது? “எப்பிடி மகன் தேத்தண்ணி?” என்றார். “நல்லாரிக்கி மாமி” என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக அவர் மவுத்தாகும் வரைக்கும் அந்தப் பாகைக் குடித்தேன், மகன். அவர் பிறகு நோயாகப் படுத்தபோது கூட, உன் உம்மாவைக் கூப்பிட்டு, “மருமகனுக்குச் சீனி கூடப் போடு, அவருக்கு அதுதான் விருப்பம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு எனக்குச் சீனி வருத்தம். டொக்டர் யாரைக் குற்றம் சொல்கிறாரோ தெரியாது, நான் என் வெட்கத்தைத்தான் சொல்கிறேன். எனவே உபதேசம் என்று ஒன்று வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்: உனக்கு எவ்வளவு சீனி வேண்டும் என்பதை இன்னும் சொல்லவில்லையென்றால் இன்றைக்கே சொல்லிவிடு. பிறகு சொன்னால் அது குறையாகப் படும். முதலிலே சொன்னால் அது வெறும் சீனி.

சணலுக்கு வருகிறேன். நீ விதைத்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பச்சையாக ஒரு புகை மாதிரித் தெரிந்தது. அடுத்த முறை போனபோது முழங்கால். அதற்கடுத்த முறை இடுப்பு. வளருவதற்கு அதற்கு ஏதோ அவசரம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்துவிடும் என்று பயந்து, சில காலை நேரங்களில் வரம்பில் குந்தியிருந்து, கண்ணிமைக்காமல் பார்த்திருக்கிறேன். நீ ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினாய். வேரில் சின்னச் சின்ன மணிகள் கோர்த்தது போல் முண்டுகள். நகத்தால் ஒன்றைக் கீறினாய். உள்ளே சிவப்பாக இருந்தது. “காத்துல இரிக்கிற உரத்தை இதுதான் பிடிச்சு வைக்குமாம் வாப்பா. உழுது மண்ணுக்குள்ள போட்டா அழுகி நெல்லுக்குச் சாப்பாடு.” “மாமா சொன்னாரா?” என்றேன். “இல்ல, விவசாயப் போதனாசிரியர் சொன்னார்” என்றாய். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குத் தெரியாது.

பிறகு பூத்தது. முதலில் அங்கொன்று இங்கொன்று. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய், சனிக்கிழமை காலையில் வயலுக்கு வந்தால், வயல் இருந்த இடத்தில் மஞ்சள்தான் இருந்தது. மஞ்சள் என்றால் பூவரசம் பூ மாதிரி வெளிறின மஞ்சள் இல்லை, முட்டைக்கரு மஞ்சள். குடாப் பக்கமிருந்து காற்று வரும்போது ஒரு ஓரம் தாழ்ந்து, அந்தத் தாழ்வு மெல்ல நடந்து மறு ஓரத்துக்குப் போகும். உள்துறைமுகத்தில் பெரிய கப்பல் ஒன்று தூரத்தில் போனால், அது போய் எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு கரையில் ஒரு மெல்லிய அலை வந்து படகுகளைத் தூக்கி வைக்குமே, அது மாதிரி. கடையில் வேலை செய்த காலத்தில் பின்வாசலில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலாளி “கனவு கண்டது காணும், உள்ளே வா” என்று கத்துவார். நான் அந்தக் கடைக்குச் சேர்ந்த புதிதில் மேல்தட்டில் சணல் நாரில் திரித்த வலைநூல் சுருள்கள் சில மிச்சம் கிடந்தன. பட்டைச் சாயம் ஏற்றிக் கறுத்துப் போயிருக்கும். நைலோன் வந்த பிறகு யாரும் கேட்கவில்லை. நானும் கவலைப்படவில்லை, நைலோன் நல்ல சாமான். ஆனால் அன்றைக்கு அந்த மஞ்சளுக்கு நடுவில் நின்றபோது ஒரு நினைப்பு வந்தது. பாய்மரக் கப்பல்கள் இந்தத் துறைமுகத்துக்கு வந்து கட்டிக் கிடந்த காலத்தில், அந்தக் கயிறுகளில் ஏதாவது ஒன்று எங்காவது ஒரு வயலில் இப்படி மஞ்சளாகப் பூத்து நின்றிருக்கும். அதை வெட்டாமல் ஒருவன் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான். அவனையும் ஒருவர் “கனவு கண்டது காணும்” என்று அதட்டியிருப்பார்.

நீதான் அதட்டினாய். “வாப்பா, பூத்திட்டு. இனி உழணும்.”

“பூத்தா என்ன மனே?”

“தண்டு இளசா இரிக்கக்குள்ள உழுதாத்தான் கெதியா அழுகும். விட்டா நார் பத்திடும், பிறகு மெசினைச் சுத்தும்.”

“நாளைக்குப் பாப்பம்” என்றேன். அந்த ‘நாளைக்கு’ எத்தனை நாளைக்கு நீண்டது என்பது உனக்கும் தெரியும், பக்கத்து வயல் இப்றாகிம் காக்காவுக்கும் தெரியும். ஒரு நாள் மழை வரும்போல் இருக்கிறது என்றேன். ஒரு நாள் தேனீ நிறைய நிற்கிறது, பாவம் என்றேன். ஒரு நாள் காலையில் உண்மையிலேயே யானை வந்து நின்றது. பூவுக்கு மேலே முதுகு மட்டும், கவிழ்த்து வைத்த தோணி மிதப்பது மாதிரி, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நீயும் நானும் வீதியோரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். நீ பயந்து நின்றாய். நான் இன்றைக்கும் உழ ஏலாது என்ற சந்தோசத்தில் நின்றேன். யானை வந்ததற்கு அல்லாஹ்வைப் புகழ்ந்த கமக்காரன் தம்பலகாமத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். இப்றாகிம் காக்கா வரம்பில் நின்று, “என்ன காணும், பூக்கடை போடப் போறீரா?” என்று கேட்டார். “ஓம், உங்களுக்குத்தான் முதல் மாலை” என்றேன்.

கணக்கு எனக்குத் தெரியாமலில்லை. ஓ லெவல் சோதனையில் கோட்டை விட்ட கணக்கு வேறு, இது வேறு. உழுதால் அந்த வயலில் உனக்கு வேலை முடிந்தது. விதைப்பு உன் கலியாணத்துக்குப் பிறகு. அதை இப்றாகிம் காக்காவோடு சேர்ந்து செய்வதாக ஏற்பாடு. நீ இனித் தோப்பூரில் மாமாவின் வயலைப் பார்ப்பாய். சணல் நிற்கும் வரைக்கும் காலையில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நீ மோட்டார் சைக்கிளை எடுப்பாய், நான் பின்னால் ஏறுவேன், சந்தியில் பிளேன்டீ குடிப்போம், வயலுக்குப் போவோம், நான் ‘நாளைக்குப் பாப்பம்’ என்பேன், திரும்பி வருவோம். அவ்வளவுதான் நடந்தது. அந்த அவ்வளவை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இதற்கிடையில் கமக்காரர் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் வைத்துவிட்டார்கள். அதற்குள் உழுது, அழுகவிட்டு, மறுபடி உழாவிட்டால் உன் உம்மாவின் வயல் அந்தப் போகம் வெறும் வயல். அது தெரிந்தும் தள்ளிப்போட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் உன் மாமா வந்தார். கலியாணத்துக்கு ஆட்களுக்குச் சொல்லும் வேலையாகக் கிண்ணியாவுக்கு வந்தவர், “வயலையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவம் மச்சான்” என்றார். வயலைப் பார்த்ததும் ஒரு செடியை வளைத்துப் பார்த்தார். பூவுக்குள்ளே காய் தொங்கத் தொடங்கியிருந்தது. “நல்லா வந்திரிக்கி. ஆனா மச்சான், இது உழுற பருவம் தாண்டிட்டே?” என்றார், மரியாதையாகத்தான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘ஓம், பிந்திட்டு’ என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் அவர் தோப்பூர், அவர் மாமா, அவர் சணல். “இது பசளைக்கு இல்ல மச்சான், நாருக்கு விட்டிரிக்கி” என்றேன். வாயிலிருந்து போன பிறகுதான் அந்தச் சொல்லைப் பார்த்தேன். நீ என் பக்கத்தில் நின்றாய். உன் முகம் ஒரு துளி அசையவில்லை. மாமா சந்தோசப்பட்டுப் போனார். “அப்பிடியா! இந்தக் காலத்தில யார் செய்றா? எனக்கு ஒரு கயிறு திரிச்சுத் தாங்க மச்சான், கண்டுக்குட்டி கட்ட. சம்பந்தி வீட்டுக் கயிறு எண்டு சொல்லுவன்” என்றார். “அதுக்கென்ன” என்றேன். நீ மெதுவாக, “ஓம் மாமா, வாப்பா கயிறு வேலையில கெட்டிக்காரர்” என்றாய். மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது பாதி வழியில் உன் முதுகு குலுங்கத் தொடங்கியது. நிறுத்திவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். வீதியால் போன லொறிக்காரன் எங்களுக்கு என்னமோ நடந்துவிட்டது என்று வேகத்தைக் குறைத்தான்.

பொய்யைக் காப்பாற்ற நாம் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை; ஆனால் எனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஒரு ஓரத்துச் சணலை வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டி, வாய்க்கால் ஓரத்துக் குழியில் அமிழ்த்தி, மேலே தென்னங்குற்றி வைத்தோம். ஊறி முடிந்து நாம் அதை இழுத்தெடுத்த நாளில் வந்த மணம்! உன் உம்மா வாசலிலேயே மறித்துவிட்டாள். “கலியாண வீடு இது. ரெண்டு பேரும் கிணத்தடியில குளிச்சிட்டு, உடுப்பை வேலியில போட்டிட்டு, பிறகு மனுசராட்டம் வாங்க.” உரித்தோம். தோல் வழுவழுவென்று வர, உள்ளே குச்சி வெள்ளையாக, எடையே இல்லாமல் மிஞ்சியது. கழுவிக் காயப்போட்ட நார் முதலில் ஈரத்தில் ஒன்றுமில்லாதது மாதிரிக் கிடந்தது. காற்றில் காய்ந்ததும் ஒரு மினுக்கம் வந்தது பார், கிழவனின் தாடியில் வெயில் பட்டது மாதிரி. நான் வாழ்நாளெல்லாம் கயிறு விற்றவன். கயிற்றைத் திரிக்க எனக்குத் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். நீ ட்ரில் மெசினின் வாயில் ஒரு கொக்கியை மாட்டி, நான் மறுமுனையைப் பிடிக்க, முற்றத்தில் திரித்தாய். நீ பின்னுக்குப் பின்னுக்குப் போக, நான் நின்ற இடத்தில் நிற்க, நமக்கு நடுவில் அது முறுகி முறுகி இறுகியது. “இறுக்கிப் பிடிங்க வாப்பா, விட்டிராதீங்க” என்று கத்தினாய். “பிடிச்சிட்டுத்தான் நிக்கிறன் மனே” என்று நானும் கத்தினேன்.

அந்தக் கயிற்றை நாம் தோப்பூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்த மாலையை உன் மச்சான்மார் இன்னும் கதைக்கிறார்களா? உன் மாமா அதை இரண்டு கையாலும் வாங்கி, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, மரத்தில் ஒரு முனையும் கண்டுக்குட்டியின் கழுத்தில் ஒரு முனையுமாகக் கட்டினார். கண்டு இழுக்கக்கூட இல்லை. முகத்தில் மொய்த்த இலையானைக் கலைக்கத் தலையை ஒரு ஆட்டு ஆட்டியது. கயிறு பிரிந்து நிலத்தில் விழுந்தது. கண்டுக்குட்டி தனக்கு விடுதலை கிடைத்தது தெரியாமல் அதே இடத்தில் நின்றது. உன் மாமா நாரின் ஒரு துண்டை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே, “பருவாயில்ல மச்சான், பூ சரியான வடிவு” என்றார். அந்த நிமிடத்தில் அவர் எனக்குச் சம்பந்தி ஆனார். அதற்கு முன் அவர் உன்னைக் கொண்டுபோகிற ஆள். நான் வாய்விட்டுச் சொன்னேன்: “நாருக்கு விடல்ல மச்சான். உழ மனம் வரல்ல.” ஏன் மனம் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. தனக்கும் ஒரு மகன் ஈச்சிலம்பற்றையில் வீட்டு மாப்பிள்ளையாக இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். அவர் பக்கத்தில் நீ இருக்கிறாய் என்பது எனக்கு ஒரு ஆறுதல். அவருடைய செடியையே நான் பொறாமையில் முற்றவிட்டேன். அவரைப் பார்த்து நான் பொறாமைப்பட ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

இந்த இடத்தில் சணலையும் உன்னையும் ஒப்பிட்டு, தான் வளர்ந்து மண்ணுக்கு உரமாவது பற்றி ஒரு பந்தி எழுதலாம் என்று யோசித்தேன். உம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். “பிள்ளையை உழுது மண்ணுக்குள்ள போடவா கலியாணம் முடிச்சுக் குடுத்த?” என்றாள். கிழித்துவிட்டேன். அவள் சொல்வது சரி. செடி செடிதான், நீ நீதான்.

கலியாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை உழுதோம். விதைப்புத் திகதிக்கு அதைவிடப் பிந்த ஏலாது. நீ லேண்ட்மாஸ்டர் உழவு மெசினைப் பிடித்தாய், நான் கத்தியோடு பின்னால் வந்தேன். நீ சொன்னது மாதிரியே நார் கலப்பையில் சுற்றிக்கொண்டது. பத்தடி போவாய், நிறுத்துவாய், நான் குனிந்து வெட்டி இழுத்தெடுப்பேன், திரும்பப் போவாய். அறிவுள்ளவன் பருவத்தில் உழுதிருந்தால் ஒரு காலையில் முடிந்திருக்கும். நமக்கு அன்று முழுக்க எடுத்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். உச்சி வெயிலில் மஞ்சள் ஒவ்வொரு கீற்றாகப் படுத்துக்கொண்டே வந்தது. முற்றின காய்கள் மெசின் அதிர்வில் கிலுகிலுவென்று ஒலித்தன, யாரோ சின்னப் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுவது மாதிரி. கொக்குகள் உன் பின்னாலேயே வந்தன. நீ ஒரு தரம் திரும்பிப் பார்த்தாய். முகம் முழுக்கச் சேறும் பூந்துகளும். எனக்கு நித்திரையில் நடப்பது மாதிரி இருந்தது. சீனன்குடாப் பக்கம் ஒரு ரெயில் கூவிக்கொண்டு போனது. அது போன பிறகும் அந்தக் கூவல் வயலுக்கு மேலே கொஞ்ச நேரம் தங்கி நின்றது.

கடைசி மூலை மட்டும் மிச்சமிருந்தபோது நார் மறுபடி சுற்றியது. நீ மெசினை நிறுத்தவில்லை, கியரை மட்டும் எடுத்துவிட்டு நின்றாய். நான் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போது நீ கதைத்தாய். நான் நிமிர்ந்து காதில் கையை வைத்து, மெசின் சத்தத்தில் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன். நீ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு, “ஒண்டுமில்ல வாப்பா” என்றாய். நான் கத்தியை உயர்த்தி, “வெட்டிட்டன், எடு, எடு” என்றேன். நீ கியரைப் போட்டாய். அந்த மூலையும் படுத்தது.

இப்போது அந்த வயலில் நெல் ஒரு சாண் நிற்கிறது. இப்றாகிம் காக்கா கரும்பச்சையைப் பார்த்துவிட்டு, “யூரியா போட்டீரா காணும்?” என்று சந்தேகமாகக் கேட்டார். மழை விடாமல் பெய்கிறது. உன் உம்மா சுகம். காலையில் நான் பஸ்ஸில் போகிறேன். சந்தியில் பிளேன்டீக்காரர் பழக்கத்தில் இரண்டு கோப்பை வைக்கிறார், ஒன்றை எடுத்து உள்ளே வைக்கிறார். மருமகளின் உம்மா பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார் என்று சொன்னாய். உன் உம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. உன்னைப் பெற்றெடுத்த நாளில் அவளுடைய கையைப் பிடித்திருந்தது அவள் உம்மாதான், நான் இல்லை, அது அவளுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று நான் கண்ணால் கண்டவன். மருமகளுக்கென்று கட்டின வீட்டையும் கலியாணத்துக்கு முன்பே சீமெந்து பூசி, நிறம் அடித்து, வாசலுக்கு இரும்புக் கதவும் போட்டுவிட்டார்கள். அதையெல்லாம் நினைத்துத்தான் உழுத அன்றைக்கு அந்தக் கடைசி மூலையில் அப்படி நின்றேன்.

மகன், அந்த மெசின் அவ்வளவு சத்தமான மெசின் இல்லை. “நான் போகாம இஞ்சயே இரிக்கட்டா வாப்பா? மாமாட்ட கதைச்சுப் பாப்பம், அவளும் வருவாள்” என்று நீ கேட்டது எனக்கு ஒரு சொல்லும் விடாமல் கேட்டது. இதை வாசித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி வராதே. நீ உள்ள இடத்தில் நல்லாயிருக்கிறாய், எனக்கு அதுதான் வேண்டும். உன் கேள்வி வயலில் விழுந்து வீணாகவில்லை என்று உனக்குத் தெரிந்தால் போதும். வாயைத் திறந்திருந்தால் ‘ஓம், இரு’ என்றுதான் வந்திருக்கும். அதனால்தான் காதைப் பொத்தினேன்.